சேகரின் சட்டையிலிருந்து நீ எடுத்த பேட்ஜ்

அன்பு மகன் கலியபெருமாளுக்கு,

இது என் கையெழுத்து. கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரோ சின்னப் பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொன்னேன் என்று நினைக்காதே. ஆடி மாதத்திலிருந்து முதியோர் பள்ளிக்குப் போய் வருவது உனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது என் சிலேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனாய். அந்தச் சிலேட்டில் ஆரம்பித்தவன்தான் இப்போது காகிதத்துக்கு வந்திருக்கிறேன். இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் வரதன் எழுதியது. நல்ல மனிதர்தான். ஆனால் நான் "அவன் செய்தது முட்டாள்தனம் என்று எழுதுங்க" என்பேன். அவர் "தாங்கள் சற்று யோசித்துச் செய்திருக்கலாம்" என்று எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் முட்டாள்தனம் என்று படிப்பார். இது எனக்குத் தெரிந்ததே போன மாதம்தான். நீ இங்கே வைத்துவிட்டுப் போன பெட்டியில் கிடந்த பழைய கடிதங்களை நானே எழுத்துக்கூட்டிப் படித்தபோது, பத்து வருஷமாக நான் உன்னை ஒரு தடவைகூடத் திட்டியதே இல்லை என்று தெரிந்தது. அந்தப் பாக்கியையெல்லாம் சேர்த்து இதில் எழுதப் போகிறேன் என்று பயப்படாதே. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எழுதுகிறேன்.

ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும் என்று உன் அம்மா சொன்னாள். ஆறவில்லை. ஒவ்வொரு எழுத்தாக யோசித்துப் போடுவதால் கோபமும் ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்று போகிறது. ஆனால் ஒரு சந்தோஷம் இருக்கிறது. நேரில் நான் நாலு வார்த்தை சேர்ப்பதற்குள் நீ நாற்பது சொல்லிவிடுவாய், வாத்தியார் அல்லவா. இப்போது நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. இந்த வசதி முன்பே தெரிந்திருந்தால் ஐம்பது வயதிலேயே படித்திருப்பேன்.

பொங்கல் முடிந்து கரிநாள் அன்று சாப்பிடும்போது நீ சொன்ன கதையைத்தான் சொல்கிறேன். திட்டக்குடிப் பள்ளியில் சாரணர் பொறுப்பு உன் கைக்கு வந்ததும், பையன்கள் ஏற்கெனவே வாங்கியிருந்த பேட்ஜுக்கெல்லாம் மறுபடியும் பரீட்சை வைத்ததாகச் சொன்னாய். முதலுதவி, சமையல், முடிச்சுப் போடுவது, எல்லாவற்றுக்கும் மறுபரீட்சை. தேறாதவன் சட்டையிலிருந்து பேட்ஜை எடுத்துவிட்டாய். முதல் ஆளாக யாரைக் கூப்பிட்டாய்? உன்னிடம் தங்கிப் படிக்கிற உன் அக்காள் மகன் சேகரை. சொந்த மருமகனுக்கே சலுகை காட்டவில்லை என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்று செய்தாயாம். உடைந்த கைக்குத் துணியால் தூளி கட்டச் சொன்னாய். சேகர் முடிச்சைத் தப்பாகப் போட்டான். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து, அவன் சட்டைக் கையில் தைத்திருந்த முதலுதவி பேட்ஜை எல்லார் முன்னாலும் அறுத்து எடுத்தாய். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் அதே சேகர். அவன் ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றியதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. வடை கேட்டாய்.

உன் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் கிழவன் புரியாமல் பேசுகிறான் என்பாய். போன வருஷம் அணைக்கட்டுப் பக்கம் முகாம் போட்டபோது ஒரு பையன் கோடாலியால் காலை வெட்டிக்கொண்டான். முதலுதவி பேட்ஜ் போட்டிருந்த மூன்று பேர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மரம் மாதிரி நின்றார்கள். நீ ஓடிப்போய் உன் துண்டைக் கிழித்துக் கட்டினாய். "பேட்ஜு அழகுக்கா இருக்குது? நாளைக்கு ஒரு உசுரு போனா யாரு பொறுப்பு?" என்று கேட்டாய். நல்ல கேள்விதான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் எனக்கும் கோபம் வந்திருக்கும். பழைய மாஸ்டர் பெஞ்சமின் சார் இரக்கப்பட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டார் என்பது உன் சந்தேகம். இருக்கலாம். எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் நீ அந்த மூன்று பேரையும் மறுநாள் உட்காரவைத்துக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தாயா என்று கேட்க நினைத்தேன். நீ அதற்குள் பாயசத்துக்குப் போய்விட்டாய்.

நீ ஊருக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சேகருக்குக் காய்ச்சல், இரண்டு நாளில் வருவான் என்று உன் அக்காள் அஞ்சலை சொல்லி அனுப்பியது பொய். அவன் திட்டக்குடிக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அவள் கெஞ்சினாள், அவன் அப்பா அடித்தார். பத்தாவது படிக்கிற பிள்ளை, இன்னும் இரண்டு மாதத்தில் பெரிய பரீட்சை. போன செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலை நம் வீட்டில் உலை இறக்கினாள். வடித்த கஞ்சி தட்டிலிருந்து சரிந்து அவள் பாதத்தில் கொட்டிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி மாவைப் பூசு என்றாள், ஒருத்தி பேஸ்ட்டைப் பூசு என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தீப்புண்ணுக்கு மை ஊற்றினால் எரிச்சல் அடங்கும் என்று சூளையில் வேலை செய்த காலத்திலிருந்து கேட்டுப் பழக்கம். பள்ளிக்கூடத்துக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருந்த மைப்புட்டியை எடுத்துவந்து முழுவதையும் அவள் காலில் கவிழ்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம் பென்சிலில் இருக்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்த மையைத் துடைத்து எடுப்பதற்குள் தோலும் சேர்ந்து வந்தது. நர்ஸம்மா என்னை வைத வசவை நான் எழுதப் போவதில்லை. அந்த எழுத்தெல்லாம் இன்னும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இத்தனையும் நடக்கும்போது சேகர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பெற்ற தாய் துடிக்கிறாள், இவன் அசையவில்லை. எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவனாகவே என்னிடம் வந்து, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கவேண்டும், வேறு எதுவும் போட்டிருக்கக் கூடாது என்றான். பெஞ்சமின் சார் சொல்லிக்கொடுத்ததாம்.

"தெரிஞ்சுதா உனக்கு? அப்ப ஏண்டா வாயைத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"நான் ஃபெயிலானவன் தாத்தா. மாமாவே சொல்லிட்டாரு. நான் சொல்லி நீங்க கேப்பீங்களா?"

கலியபெருமாள், இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் பென்சிலை எடுத்தேன். முகாமில் மூன்று பேர் தெரியாமல் நின்றார்கள் என்றாய். இவன் தெரிந்தும் நின்றான். முடிச்சு மறந்தது அவன் தப்பு. அதை ஒரு நாளில் சரிசெய்திருக்கலாம். தெரிந்ததைச் செய்யப் பயப்படுகிறானே, இதை எந்தப் பரீட்சை வைத்துச் சரிசெய்வாய்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பேன். வந்தால் உன் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கத்துவேன், உனக்கு மானக்கேடு என்று உன் அம்மா தடுத்துவிட்டாள்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது செராமிக் கம்பெனியில் நான் தரம் பிரிக்கிற கொட்டகைக்கு மேஸ்திரி ஆனேன். சூளையிலிருந்து இறக்கிய ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாக மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது அங்கே வேலை. கணீர் என்றால் நல்ல ஜாடி. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். நல்லதுக்கு அடியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுத் தள்ளுவார்கள், அடுத்த ஆள் வைக்கோல் சுற்றிக் கட்டுவான். ஒருவன் கோடு போட்ட ஜாடியை இன்னொருவன் தட்டக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். எனக்கு முன்பிருந்தே அங்கே மாணிக்கம் என்று ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான். கம்மாபுரத்துக்காரன். நல்ல காது. ஸ்ரீமுஷ்ணத்துக் கடைக்காரர் ஒருத்தர் ஜாடி ஒழுகுகிறது என்று இரண்டைத் திருப்பி அனுப்பினார். புது மேஸ்திரி அல்லவா, பழி என் தலையில் விழும் என்று பயந்துவிட்டேன். மறுநாளிலிருந்து மாணிக்கம் கோடு போட்டதையெல்லாம் நான் ஒருமுறை தட்ட ஆரம்பித்தேன், அவன் கண் முன்னாலேயே.

அவன் முதல் வாரம் வழக்கம்போலத் தட்டிக்கொண்டிருந்தான். நானும் விரிசல் ஜாடி ஒன்றுதான் கண்டுபிடித்தேன். அது அவன் விட்டதா, இல்லை என் குச்சி பட்டு விரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த மாதத்தில் நிறைய ஜாடி திரும்பி வந்தது. ஏன் என்று பார்த்தால், மாணிக்கம் தட்டுவதை நிறுத்தியிருந்தான். குச்சி ஜாடியில் படும், அவன் பக்கத்து ஆளிடம் சினிமா பேசிக்கொண்டிருப்பான், கோடு விழும். நான் கத்தியபோது அவன் குரலை உயர்த்தவே இல்லை. "எப்படியும் நீ தட்டப் போற அண்ணே. ஒரு ஜாடிக்கு எதுக்கு ரெண்டு காது?" என்றான். நானும் சினிமா வசனம் மாதிரி நீட்டமாக ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் வேலை மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு மண் அரைக்கிற பக்கம் போய்விட்டான். கொட்டகையிலேயே நல்ல காது மண்ணுக்குள் போனது. அவன் ஆசையோடு தட்டிய காலத்தில் திரும்பி வந்த ஜாடியை விட, என் இரண்டாவது தட்டுக்குப் பிறகு வந்தது அதிகம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வரதனிடம் சொல்லி எழுதவைக்க முடிகிற சங்கதியா இது?

இப்போது நீ செய்ததைப் பார். சேகரைச் சோதித்ததாக நினைக்கிறாய். நீ சோதித்தது பெஞ்சமின் சாரை. அவர் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார், வந்து பதில் சொல்ல முடியாது; அவர் பேச்சை ஒரு பிள்ளையின் சட்டையிலிருந்து அறுத்து எடுத்தாய். இன்னும் நாலு வருஷத்தில் உன்னை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். உன் இடத்துக்கு வருகிறவன், "கலியபெருமாள் வாத்தியார் கொடுத்ததை நான் நம்பணுமா?" என்று அவனும் ஒரு பிளேடை எடுத்தால்? பிள்ளைகளும் இதைத்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள். கஷ்டப்பட்டு வாங்குவானேன், அடுத்த மாஸ்டர் வந்து பிடுங்கப் போகிறார் என்று. உன் சாரணர் படையில் எத்தனை பேர் இப்போது வருகிறார்கள் என்று கணக்குக் கேட்கமாட்டேன். குறைந்துவிட்டது என்று நீயே சொன்னாய். பிள்ளைகளுக்கு ஒழுங்கு பிடிக்கவில்லை என்று காரணமும் சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நீ பதினொன்றாம் வகுப்பு தேறிய வருஷம், பேப்பரில் உன் நம்பர் வந்திருக்கிறது என்று ஓடிவந்து காட்டினாய். எனக்கு அந்தப் பேப்பர் முழுக்க எறும்பு ஊர்வது மாதிரிதான் இருந்தது. நம் வம்சத்தில் யாரும் அதுவரை தேறியதில்லை. நம்பத் தைரியம் வரவில்லை. உன்னையும் கூட்டிக்கொண்டு வரதனிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு பாஸ் என்றார். அங்கிருந்து தபாலாபீசுக்குப் போனேன். அவர்களும் பாஸ் என்றார்கள். பிறகு ஜங்ஷன் வரை நடந்து புத்தகக் கடைக்காரரிடம் நீட்டினேன். நீ பின்னாலேயே வந்தாய். வெயில். செருப்புகூட இல்லை உனக்கு. கடைக்காரரும் சொன்ன பிறகுதான் நீ வாயைத் திறந்தாய்.

"இன்னும் எத்தினி பேரு சொன்னா நான் பாஸுப்பா?"

நான் சிரித்து மழுப்பி உனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். நீ அதைக் குடிக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாததுதான் அங்கே குறை. உன் பேரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று பேர் முன்னால் சந்தேகத்தோடு நிறுத்தப்பட்டவன் நீ. அன்றைக்கு உன்னிடம் தப்பு என்று சொல்லியிருக்கவேண்டும். பதினைந்து வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். தப்புதானப்பா. என்னை மன்னித்துக்கொள். அந்த வெயிலில் நடந்தவன் நீயே இதைச் செய்யலாமா என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியானால் மறந்துபோனவனை அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்பாய். விடவேண்டாம். வேலை கொடு. மாசி மகம் வருகிறது. மணிமுத்தாற்றில் குளிக்க வருகிற கூட்டத்துக்கு உன் படையைக் கூட்டிக்கொண்டு வருவாய் அல்லவா? முதலுதவிப் பந்தலில் பேட்ஜ் வாங்கிய பிள்ளைகளை உட்காரவை. அதற்கு முன்னால் நாலு சாயங்காலம் எல்லாருமாகக் கட்டுப் போட்டுப் பழகட்டும். மறந்தவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்வான். யாருக்கு எவ்வளவு தெரிகிறது என்று பந்தலில் நின்று பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். எவன் சட்டையையும் அறுக்கவேண்டாம். புதிதாக உன்னிடம் வருகிறவனுக்கு எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் பரீட்சை வை. பத்துத் தடவை திருப்பி அனுப்பு. கொடுப்பதற்கு முன்னால் நன்றாகத் தட்டிப் பார். கொடுத்த பிறகு குச்சியைக் கீழே போட்டுவிடு.

இனி நீ செய்யவேண்டியது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் சேகர் பேரைப் பள்ளியில் அடித்துவிடுவார்கள் என்று நீதான் சொல்லி அனுப்பினாய். அதே திங்கட்கிழமை, பின்தெருவில் டீ கப் செய்கிற பட்டறையில் அவனை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். அங்கே பேட்ஜும் இல்லை, பரீட்சையும் இல்லை என்கிறான். அவன் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நீ இங்கே வரவேண்டும். மாமா என்கிற முறையில் அதட்டிக் கூட்டிப்போக நினைத்தால் வராதே. நான் செய்தது தப்பு என்று அவனிடம் சொல்லவேண்டும். அப்புறம் உன் படையை நிற்கவைத்து அவர்கள் முன்னாலும் சொல்லவேண்டும், எடுத்தது அவர்கள் முன்னால்தானே. வாத்தியாருக்கு இது கௌரவக் குறைச்சலாக இருக்கும். எனக்கும் இந்தக் கடிதம் அப்படித்தான் இருந்தது. எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதை நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோவதாகத்தான் இருந்தேன். உனக்குத் தெரியுமே, பெட்டியில் போட்ட பிறகும் உள்ளே விழுந்ததா என்று கையை விட்டுப் பார்க்கிறவன் நான். ஆனால் இன்று காலை மனசை மாற்றிக்கொண்டேன். சேகரைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுக்கப் போகிறேன், உறையை ஒட்டாமல். வழியில் படித்தால் படிக்கட்டும். தாத்தாவும் மாமாவும் செய்த தப்பை அவன் தெரிந்துகொள்வதில் எனக்கு வருத்தமில்லை. ஒட்டிப் போட்டுவிட்டு வா என்று மட்டும் சொல்வேன். அவன் திரும்பி வந்ததும் போட்டாயா என்று வாய்வரை வரும். கேட்க மாட்டேன். உன் அம்மாவையும் கேட்கவிட மாட்டேன். நாலு நாள் அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அவனோடு வந்து நிற்பேன்.

உன் அப்பா